தொட்டவுடன் முடியும் வியாபாரம்





நபி (ஸல்) அவர்கள் விலக்கிய வணிக முறைகளுள் ‘முலாமஸா’ என்பதும் ஒன்று. அரபுச் சந்தையில் துணியை விரித்துப் பாராமல் கையால் தொட்டுவிட்டாலே வியாபாரம் முடிந்ததாகக் கொள்ளும் வழக்கம் இருந்தது. வாங்கியவர் பிறகு கிழிசலைக் கண்டாலும் மறுத்துச் சொல்ல வழியில்லை. இத்தடை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் பதிவாகியுள்ளது. மதரஸாவில் இப்பாடத்தை நடத்தும்போதெல்லாம், இந்தக் காலத்தில் இப்படி யார் வியாபாரம் செய்கிறார்கள் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. விடை அவர்களுடைய சட்டைப்பையிலேயே இருக்கிறது. விரிக்காமல், பாராமல், விலை அறியாமல், ஒரு விரலால் தொட்டவுடன் முடிந்துவிடும் வியாபாரம் இன்று கைபேசியில்தான் நடைபெறுகிறது.

பெற்றோர் என்னிடம் பெரும்பாலும் கேட்பது, “ஹஜ்ரத், போனில் விளையாடுவது ஹராமா?” என்பதே. இக்கேள்வியைச் சற்றுத் திருத்திக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. நம் மார்க்கம் விளையாட்டுக்குப் பகையன்று. அபிசீனியர்கள் பள்ளிவாசலிலேயே ஈட்டி விளையாடியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்த்து மகிழ நபி (ஸல்) அவர்கள் இடமளித்தார்கள். அன்னையாருடன் ஓட்டப்பந்தயமும் ஓடினார்கள். ஹாக்கிக்குப் பெயர்பெற்ற கோவில்பட்டிக்கு அருகில் வாழும் நாம், ஒரு நல்ல விளையாட்டு பிள்ளையின் உடலுக்கும் ஒழுக்கத்துக்கும் செய்யும் நன்மையைக் கண்ணால் கண்டவர்கள். தொழுகையை மறக்கடிக்கும் விளையாட்டு கூடாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அதற்கும் அப்பால் ஒரு கேள்வி உண்டு. அந்தத் திரையைத் தொடும்போது நம் பிள்ளை என்ன கொடுக்கிறான், என்ன வாங்குகிறான், யாருடைய அனுமதியோடு?

எங்கள் குளத்தூர்ப் பகுதியில் மக்தபில் ஓதும் பதின்மூன்று வயது மாணவன் ஒருவனின் தாயார், ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் என்னைச் சந்திக்க வந்தார். தீப்பெட்டி ஆலையில் வேலை செய்து வாரக் கூலியில் மிச்சம் பிடித்து வங்கியில் சேர்த்திருந்த பணத்தில் 6,000 ரூபாய்க்கு மேல் காணவில்லை. நாற்பது ரூபாய், எண்பது ரூபாய் என்று ஒரு மாத காலத்தில் சிறுகச் சிறுக ஒரு விளையாட்டுச் செயலிக்குச் சென்றிருந்தது. “ரகசிய நம்பரை நான்தான் அவனிடம் சொன்னேன், ஹஜ்ரத். கரண்ட் பில் கட்டுவதும் ரீசார்ஜ் செய்வதும் அவன்தான். இப்போது சொந்தக்காரர்கள் அவனைத் திருடன் என்கிறார்கள். என் பிள்ளை திருடனா?” என்று கேட்டார். பையனை அழைத்து விசாரித்தேன். “நான் பணம் எடுக்கவில்லை; டைமண்ட் வாங்கிப் பெட்டி திறந்தேன்” என்றான். அவன் பொய் சொல்லவில்லை. ரூபாய் டைமண்டாக மாறியதும் அது தன் தாயின் கூலி என்பது அவன் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. அவ்வாறு மறைய வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது.

அந்தத் தாய்க்கு நான் சொன்ன விடையை இங்கும் எழுதுகிறேன். நம்பி ஒப்படைத்த அமானிதத்தை அவன் மீறினான், அது தவறு. தவ்பாச் செய்ய வேண்டும், இயன்ற அளவு ஈடுசெய்யவும் வேண்டும். அவ்வாண்டுப் பெருநாளில் தனக்குக் கிடைத்த காசு முழுவதையும் அவன் தாயிடம் கொடுத்தான். ஆனால் அவனைத் திருடன் என்று பெயரிட்டு முடித்துவிட்டால், குற்றத்தின் பெரும்பகுதி யாரிடம் இருக்கிறதோ அவரை விட்டுவிடுகிறோம். பருவமடையாத பிள்ளையோடு செய்யும் விற்பனை ஷாஃபிஈ மத்ஹபில் செல்லாது. ஹனஃபி மத்ஹபில், பகுத்தறியும் வயதுடைய பிள்ளை செய்த கொள்வினை, பொறுப்பாளரின் அனுமதி கிடைத்தால்தான் நிலைபெறும். ஸூரா அன்னிஸாவின் 5, 6 ஆம் வசனங்கள், பக்குவம் வராதவர்களிடம் செல்வத்தை ஒப்படைக்காமல் அவர்களைச் சோதித்தறியும்படி நமக்குக் கற்பிக்கின்றன. நாட்டுச் சட்டமும் இதிலிருந்து விலகிவிடவில்லை. 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, உரிய வயதை அடையாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அத்தகைய ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903 இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. ஆயினும், பணத்தைத் திருப்பித் தருமாறு நாங்கள் அனுப்பிய முறையீட்டுக்கு, ‘வாங்கும்போது ஒப்புதல் அளிக்கப்பட்டுள்ளது’ என்ற ஒரு வரியே பதிலாக வந்தது. பதின்மூன்று வயதுச் சிறுவனின் விரல்பட்டதற்குப் பெயர் ஒப்புதலாம்!

அவன் வாங்கிய பொருளையும் கவனியுங்கள். ‘லூட் பாக்ஸ்’ எனப்படும் மூடிய பெட்டி அது. உள்ளே இருப்பது அரிய ஆயுதமாகவும் இருக்கலாம், எதற்கும் உதவாத சட்டையாகவும் இருக்கலாம். பணம் கொடுத்துத் திறந்த பிறகே தெரியும். நம் கரிசல் பூமியில் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் மிளகாய் வத்தலுக்கு விலை பேசுவார் எவரேனும் உண்டா? காய் பக்குவம் அடைவது வெளிப்படுமுன் விற்பதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அறியாத பொருளுக்கு அறியாத விலை கொடுப்பது ‘ஃகரர்’. அதிர்ஷ்டத்தை நம்பிப் பணம் வைப்பது, ஸூரா அல்மாயிதாவின் 90 ஆம் வசனம் மதுவோடு சேர்த்து விலக்கிய ‘மைஸிர்’, அதாவது சூது. மூடிய பெட்டியில் இவ்விரண்டின் வாடையும் இருக்கிறது. நாம் மட்டும் இப்படிச் சொல்லவில்லை. பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018 இல் பிரபலமான சில விளையாட்டுகளைச் சோதித்து, அவற்றில் விற்கப்படும் இத்தகைய பெட்டிகள் சூதாட்டமே என்று முடிவு செய்தது. அமெரிக்காவில் ‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம் 2022 டிசம்பரில் 52 கோடி டாலர் செலுத்த இணங்கியது. அதில் 24.5 கோடி டாலர், ஒரே பொத்தானைத் தொட்டதும் விரும்பாத பொருளுக்குப் பணம் போகும்படி திரையை அமைத்திருந்தது என்ற குற்றச்சாட்டுக்காக வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய தொகை. எஞ்சிய 27.5 கோடி டாலர், சிறுவர்களின் விவரங்களைப் பெற்றோரின் அனுமதியின்றித் திரட்டியதற்கான அபராதம். முலாமஸாவை நம் நபி (ஸல்) அவர்கள் ஏன் விலக்கினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கவுரை வேண்டுமா?

நம் மாநிலம் இவ்விஷயத்தில் கண்ணீர் சிந்திப் பாடம் கற்றது. இணையவழிச் சீட்டாட்டத்தில் பணத்தை இழந்தவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் தொடர்ந்து வந்தபின், நீதியரசர் கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கையைப் பெற்று 2022 அக்டோபரில் சட்டமன்றம் தடை மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் அது மீண்டும் நிறைவேறி ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளை நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை தடைசெய்த 2025 ஆம் ஆண்டின் விதிமுறைகளை, அவ்வாண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் நிலைநிறுத்தியது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்து சட்டம் இயற்றியது. நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. வீழ்ந்தவனை விட்டு, குழி வெட்டியவனைப் பிடிக்கும் இந்த அணுகுமுறை நியாயமானது. ஆனால் சட்டத்தின் கை எட்டாத மூலைகள் எப்போதும் இருக்கும். அங்கே காவல் நிற்க வேண்டியது தக்வாதான்.

தொட்டவுடன் போவது பணம் மட்டுமன்று. ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானைத் தொட்டதும் நாம் இருக்குமிடம், நம் தொடர்பு எண்கள், படங்கள் ஆகியவற்றின் கதவும் திறக்கிறது. இதை விளையாட்டுச் செயலிகளுக்கு மட்டும் உரிய தீங்கு என்று எண்ணிவிடாதீர்கள். தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் ‘முஸ்லிம் புரோ’ செயலியை உலகெங்கும் ஒன்பது கோடிக்கும் மேலான முறை மக்கள் பதிவிறக்கியிருந்தார்கள். அதில் திரண்ட இருப்பிட விவரங்கள் ‘எக்ஸ்-மோட்’ என்ற தரவு வணிக நிறுவனத்துக்குச் சென்றதையும், அந்நிறுவனத்தின் வழியாக அமெரிக்க இராணுவத்தின் ஒப்பந்ததாரர்கள் வரை விவரங்கள் போய்ச் சேர்ந்ததையும் 2020 நவம்பரில் ஒரு பத்திரிகை அம்பலப்படுத்தியது. உடனே அச்செயலியினர் அந்தத் தொடர்பைத் துண்டிப்பதாக அறிவித்தார்கள். பாங்கு ஒலிக்கும் செயலி என்பதாலேயே நம் மக்கள் எதையும் கேளாமல் அனுமதி கொடுத்திருந்தார்கள்.

ஸூரா அந்நூரின் 27 ஆம் வசனம், பிறர் வீட்டினுள் அனுமதி கேட்டு ஸலாம் சொல்லாமல் நுழையக் கூடாது என்கிறது. ஸூரா அல்ஹுஜுராத்தின் 12 ஆம் வசனம் துருவித் துருவி ஆராய்வதைத் தடைசெய்கிறது. அந்தரங்கம் என்பது மேல்நாட்டிலிருந்து வந்த புதுச் சரக்கு என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். நமக்கு அது வஹீயின் வழியாக வந்த ஒழுக்கம். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாக அறிவித்தது. 2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. அந்த ஒப்புதலைக் கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் நாம்தாம். படிக்காமல் கொடுத்தால் அது நம் பிள்ளையின் அமானிதத்தில் நாம் செய்யும் குறைவு.

இனி நம் பக்கத்தையும் பார்ப்போம். பிறர் அனுமதியின்றி எடுத்தால் சினம் கொள்ளும் நாம், பிறருடைய உழைப்பை அனுமதியின்றி எடுக்கிறோமா? காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளைப் பூட்டுடைத்துக் கணினியில் ஏற்றித் தருவது பல இடங்களில் சாதாரணமாகிவிட்டது. அதில் குர்ஆன் பாடத்தின் பயிற்சித்தாளை அச்சிட்டால் அது ஹலாலாகிவிடாது. 1988 இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை, நூலாக்கம், கண்டுபிடிப்பு, வணிகப் பெயர் ஆகியவற்றின் உரிமைகள் ஷரீஅத் மதிக்கும் உரிமைகளே, அவற்றில் அத்துமீறுதல் கூடாது என்று தீர்மானித்தது. 2020 இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாமெல்லோரும் மகிழ்ந்தோம். வேறெங்கோ செய்ததைக் கோவில்பட்டிப் பெயரில் விற்றால் அது அநியாயம் என்று நமக்குத் தெரிகிறது. அதே அளவுகோல் மென்பொருள் எழுதியவருக்கும் பொருந்தும்.

விலை கொடுக்க இயலாதவர்க்கு என்ன வழி? நம் ஊர்களில் ஊருணி உண்டு. அதை வெட்டியவர் யாராயினும் தண்ணீர் எல்லோருக்கும் பொது; எவரும் வேலி போட்டுத் தமதாக்கிக்கொள்ள முடியாது. மென்பொருளிலும் அத்தகைய ஊருணிகள் உள்ளன. 1983 இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய குனு திட்டமும், 1991 இல் வெளிவந்த லினக்ஸும் எவரும் பயன்படுத்தவும், உள்ளே திறந்து பார்க்கவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் உரிமை தருபவை. பெற்றுக்கொண்டு திருத்தி வெளியிடுபவரும் அதே உரிமையைப் பிறருக்குத் தந்தாக வேண்டும் என்பது அவற்றின் உரிமத்தில் உள்ள நிபந்தனை. வக்ஃபு செய்த சொத்தை மீண்டும் தனியுடைமையாக்க முடியாது என்ற நம் சட்டத்தை அது எனக்கு நினைவூட்டுகிறது. கடிதமும் கணக்கும் எழுத ‘லிப்ரே ஆபீஸ்’ தமிழிலேயே கிடைக்கிறது. ஹலாலான வழி திறந்திருக்கும்போது பூட்டை உடைக்க வேண்டிய தேவை என்ன?

ஆகவே இன்றிரவே ஒவ்வொரு வீட்டிலும் சிலவற்றைச் செய்யலாம். ரகசிய எண்ணை மாற்றிப் பெரியவர்களிடம் மட்டும் வைத்திருங்கள். மின்கட்டணத்தைப் பிள்ளை கட்டித் தந்தாலும் எண்ணை நீங்களே அழுத்துங்கள். கைபேசியின் அமைப்புகளுக்குள் சென்று, எந்தச் செயலிக்கு இருப்பிடத்தையும் தொடர்புகளையும் பார்க்கும் அனுமதி இருக்கிறது என்று பிள்ளைகளோடு சேர்ந்தமர்ந்து பாருங்கள், தேவையற்றதை நீக்குங்கள். பிள்ளை விளையாடும் விளையாட்டை ஒருமுறை அவன் அருகில் அமர்ந்து முழுமையாகப் பாருங்கள்; எந்த இடத்தில் காசு கேட்கிறது என்பது தெரிந்துவிடும். ஏற்கெனவே பணம் போயிருந்தால், அடிக்கும் முன்னர் அவன் சொல்வதைக் கேளுங்கள். அச்சத்தால் மறைக்கப்படும் கடன்தான் பிள்ளைகளைப் பெரும் குழியில் தள்ளுகிறது.

பருவமடையும் நாளில் நம் பிள்ளைகளின் ஏடு எழுதப்படத் தொடங்குகிறது. அதற்குமுன் அவர்கள் நம்மிடம் கற்றுக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்றுண்டு: தொடுவதற்கு முன் விரித்துப் பார்ப்பது.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தையும் செலவையும் ஹலாலாக்கி வைப்பாயாக! எங்கள் பிள்ளைகளின் கரங்களையும் கண்களையும் பாதுகாப்பாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.