பூட்டிய கதவின் முன்னே

(இளம் அறிவியல், கணிப்பொறி அறிவியல், மூன்றாமாண்டு)

சென்ற பருவத்தின் மாதிரிச் செய்முறைத் தேர்வன்று ஐந்து மாணவர்கள் பத்து நிமிடம் தாமதமாகத் தேர்வுக்கூடத்துக்கு ஓடி வந்தனர். அவர்களுள் ஒருவன் என் அறைத்தோழன். யாரால் இந்தத் தாமதம் என்று துறைத்தலைவர் அவர்கள் வினவியபோது நான் தலைகுனிந்து நின்றேன். ஆம், நண்பர்களே! குற்றவாளி நான் எழுதிய நிரல்தான்.

புதிய கட்டடத்தில் உள்ள 40 கணிப்பொறிகளின் திரையிலும் அறிவிப்பைக் காட்டுவதற்காகப் பைத்தான் மொழியில் அதை எழுதித் தந்திருந்தேன். 'ஒரே சமயத்தில் காட்டும்' என்பது நான் செய்துகொண்ட விளம்பரம். உண்மையில் அது ஒன்றன்பின் ஒன்றாகவே ஒவ்வொரு பொறியையும் கூப்பிட்டது. தேர்வு 9.45-க்குப் பழைய கட்டடத்தில் என்ற செய்தியை 9.30-க்கு அனுப்பினேன். 26 பொறிகள் நொடியில் பெற்றுக்கொண்டன. 27 முதல் 35 வரையிலான ஒன்பதும் அன்று மின்சாரமின்றி அணைந்து கிடந்தன. பின்னறையில் இருந்த 36 முதல் 40 வரையிலான ஐவருக்கும் செய்தி போய்ச் சேர்ந்தபோது மணி 9.49!

ஏன் இப்படி? பொறி விழித்திருந்து, நாம் தேடும் நிரல் மட்டும் அதில் ஓடவில்லையென்றால் 'இல்லை' என்ற பதில் உடனே வந்துவிடும். மறுப்பும் ஒரு பதில்தானே! பொறியே அணைந்து, இடையிலுள்ள ரௌட்டரும் வாய் திறக்காவிட்டால்தான் தொல்லை. 2023-க்கு முந்தைய லினக்ஸ் முதல் அழைப்பை அனுப்பி 1 விநாடி காக்கும். மீண்டும் அழைத்து 2 விநாடி. பிறகு 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்துக்கொண்டே போகும். முதல் அழைப்போடு ஆறு மறு அழைப்புகள். கூட்டிப் பாருங்கள், 127 விநாடி. ஒன்பது பொறிக்கு 1,143 விநாடி, அதாவது 19 நிமிடம் 3 விநாடி. (முதற்காத்திருப்பு முன்பு 3 விநாடியாக இருந்தது, 2011-இல்தான் அதை 1 ஆக்கினார்கள். நான் பிழைத்தேன்!)

அன்றிரவு ஊருக்குப் போயிருந்தேன். அப்பா தபால்காரர். சாப்பிடும்போது கேட்டேன்:

"ஏம்ப்பா, வீடு பூட்டியிருந்தா எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"ரெண்டு தடவ கூப்பிடுவேன். அப்புறம் அடுத்த வீடு. மத்த வீட்டுக்காரங்க என்ன பாவம் பண்ணாங்க?"

மறுவாரமே நிரலைத் திருத்த உட்கார்ந்தேன். ஆத்திரத்தில் காத்திருப்பை அரை விநாடியாகக் குறைத்தேன். அதுவும் தவறாயிற்று. வழியில் ஒரு அழைப்பு தொலைந்தால் மறு அழைப்பு 1 விநாடி கழித்துத்தானே கிளம்புகிறது! அதற்குள் கைவிட்டால் உயிரோடிருக்கும் பொறிக்கும் சாவுச்சீட்டு எழுதிவிடுகிறோம். ஆகவே 4 விநாடி என்று வைத்தேன். மூன்று அழைப்புகளுக்கு அதில் இடமுண்டு. அத்துடன் 40 பொறிகளையும் தனித்தனி இழைகளில் ஒருங்கே அழைக்கச் செய்தேன். இனி ஒருவர் தூங்கினால் இன்னொருவர் காத்திருக்க வேண்டியதில்லை. பதில் தராத பொறியை ஐந்து நிமிடம் தொடாமல் விட்டு, அதன் செய்தியை வரிசையில் வைத்து மறுபடி முயலுமாறும் எழுதினேன். மின்னஞ்சலுக்கும் இதே வழிதான். சேராத அஞ்சலை மீண்டும் அனுப்பக் குறைந்தது 30 நிமிட இடைவெளியும், கைவிடுமுன் நான்கைந்து நாள் பொறுமையும் வேண்டும் என்கிறது 2008-ஆம் ஆண்டு நெறிமுறை.

சோதனைக்காகப் பழைய தேர்வு அறிவிப்பையே அனுப்பிப் பார்த்தேன். எஞ்சிய 31 பொறிகளுக்கும் கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. துறைத்தலைவர் அவர்கள், "பரவாயில்லை தம்பி" என்றார்கள். அவர்கள் வாயிலிருந்து அது பெரிய சொல்.

மூன்று வாரம் கழித்து மின்பணியாளர் வந்து அந்த வரிசையைச் சரிசெய்தார். 31-ஆம் பொறிக்கு உயிர் வந்ததும், காத்துக்கிடந்த செய்தி திரையில் பளிச்சிட்டது: 'தேர்வு 9.45-க்கு. உடனே பழைய கட்டடத்துக்கு வரவும்.' அங்கே அமர்ந்திருந்த முதலாண்டு மாணவி பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

செய்திகளுக்குக் காலாவதி நேரம் குறிக்கும் பகுதியை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த மாணவி இன்னும் என்னோடு பேசுவதில்லை.