இரண்டு கொக்கி

அப்பா சிங்கப்பூரில் நான்கு வருஷம் இருந்தார். 2006 முதல் 2010 வரை. சாரம் கட்டும் வேலை. அந்த நான்கு வருஷத்தில் அவர் பார்த்த சிங்கப்பூர் என்பது தங்குமிடம், லாரியின் பின்பக்கம், வேலைத்தளம், ஞாயிற்றுக்கிழமையானால் தேக்கா. அவ்வளவுதான். செந்தோசா தீவு அவர் வேலை பார்த்த இடத்திலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம். ஒருநாளும் போனதில்லை. கேட்டால், "அங்க போயி என்னடா பண்றது, காசு குடுத்து வெயில்ல நிக்கவா? அதான் இங்க காசு வாங்கிட்டு நிக்கிறமே" என்பார்.

2019 மே மாதம் அவரைக் காசு கொடுத்து வெயிலில் நிற்க வைத்தேன். நான் சிங்கப்பூரில் கணினி வேலைக்குப் போய் இரண்டாவது வருஷம் அது. அப்பா, அம்மா, அக்கா, அக்கா பையன் நாலு பேரும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். பையனுக்கு எட்டு வயது. முந்தின வருஷம்தான் '2.0' பார்த்திருந்தான். உலகத்தில் உள்ள எல்லா இயந்திரத்துக்கும் அவன் வைத்திருந்த ஒரே பெயர் சிட்டி. அவனுக்காகத்தான் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் என்று எல்லாரிடமும் சொன்னேன். அது முழு உண்மை இல்லை.

டிக்கெட்டைப் போனிலேயே வாங்கியிருந்தேன். விலையைச் சொல்லக் கூடாது என்று அக்காவிடம் சொல்லியும் வைத்திருந்தேன். ஆனால் நுழைவாயில் பக்கம் பலகையில் போட்டிருந்ததை அப்பா படித்துவிட்டார். ஒரு ஆளுக்கு எண்பது வெள்ளிக்குப் பக்கம். அவருக்கு அப்போது அடிப்படைச் சம்பளம் நாளுக்கு பதினெட்டு வெள்ளி. வாயைத் திறக்கவில்லை. விரல் மட்டும் அசைந்தது. நாலு நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டு முடித்ததும் அம்மாவைப் பார்த்தார். "ஏங்க, இவ்ளோ தூரம் வந்தாச்சு, பேசாம வாங்க" என்றாள் அம்மா. அவர் பேசவே இல்லை என்பதுதான் விஷயம்.

செந்தோசா என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் எல்லாரும் 'சந்தோசா' என்றுதான் சொல்வார்களாம். நான் முதலில் சிரித்தேன். பிறகு தேடிப் பார்த்தால், அவர்கள் சொன்னதுதான் வேருக்குப் பக்கம். அமைதி, நிம்மதி என்று பொருள்படும் அந்த மலாய்ச் சொல்லும் நம்முடைய சந்தோஷமும் ஒரே சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தவை. அதற்கு முன் அந்தத் தீவுக்குப் பெயர் புலாவ் பிளாக்காங் மாத்தி. 'மாத்தி' என்றால் சாவு. 'பிளாக்காங்' என்றால் பின்பக்கம். பிரிட்டிஷ்காரர்கள் பீரங்கி வைத்திருந்த இடம் சுற்றுலாத் தீவாக மாறியபோது, 1970களின் தொடக்கத்தில், சாவை எடுத்துவிட்டு சந்தோஷத்தைப் போட்டார்கள். இதை நான் ரயிலில் வைத்துச் சொன்னபோது அம்மா, "பேர மாத்துனா சரியாப்போயிருமா?" என்று கேட்டாள்.

உள்ளே நுழைந்தால் ஹாலிவுட், அடுத்து நியூயார்க், அதற்கடுத்து சை-ஃபை சிட்டி. எதிர்கால நகரம். சாம்பல் நிற உலோகச் சுவர்கள், கோணல் கோணலான கட்டடங்கள், எங்கேயோ எச்சரிக்கை மணி அடிப்பது மாதிரி இசை. அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "வருங்காலத்துல ஒரு மரமும் இருக்காது போல" என்றாள். அறிவியல் புனைகதை விமர்சனமாக நான் படித்த பல நீண்ட கட்டுரைகளைவிட இந்த ஒரு வரி மேல்.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரிக்குத்தான் முதலில் போனோம். 2011 டிசம்பரில் திறந்தது. அந்தப் படத்தை வைத்து உலகத்தில் முதலில் கட்டிய சவாரி இங்கேதான். முக்கால் மணி நேர வரிசை. முப்பரிமாணக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வண்டியில் உட்கார்கிறோம். அந்த வண்டியும் ஒரு ரோபோ, நம்மைக் காப்பாற்ற வந்தது. மெகட்ரான் துரத்துகிறது. ராட்சத இயந்திரங்கள் கட்டடங்களை உடைக்கின்றன. முகத்தில் காற்று அடிக்கிறது, அனல் அடிக்கிறது, மாடியிலிருந்து தலைகுப்புற விழுகிறோம். பையன் தொண்டை கிழியக் கத்தினான். அம்மா கண்ணை மூடியவள் திறக்கவே இல்லை. கண்ணாடி வேறு தண்டமாகப் போட்டிருந்தாள்.

வெளியே வந்ததும் அப்பா சொன்னார்: "வண்டி கொஞ்ச தூரந்தான் போச்சு. மத்ததெல்லாம் உக்காந்த எடத்துலயே ஆட்டுறான். ஆனா நடுவுல ஒரு தடவ லிஃப்டுல ஏத்தி மேல் மாடிக்குக் கொண்டுபோயி, அப்பறம் எறக்கிட்டான், பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. எங்களில் யாருமே பார்க்கவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், அவர் சொன்னது அப்படியே சரி. தண்டவாளம் இரண்டு தளத்தில் இருக்கிறது. ஏற்றுவதும் இறக்குவதும் லிஃப்ட்தான். அந்த நேரத்தில் எதிரே திரையில் பெரிய சண்டையைக் காட்டிக் கவனத்தை இழுத்துவிடுகிறார்கள். நான்கு வருஷம் தினமும் தளத்து லிஃப்டில் ஏறி இறங்கியவரின் உடம்பை அந்தத் திரையால் ஏமாற்ற முடியவில்லை.

வெளியே ஆப்டிமஸ் பிரைம் ஆளுயரத்துக்கு மேல் நின்று எல்லாரோடும் படம் எடுத்துக்கொண்டிருந்தது. பையன் ஓடிப்போய் நின்றான். அப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "உள்ள ஒரு ஆளு நிக்கிறான்டா. இந்த வெயில்ல எவ்ளோ வேர்க்கும்? எத்தன நேரத்துக்கு ஒருக்க மாத்தி விடுவாங்க?" பையனுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று என் காதுப்பக்கம் வந்து கேட்டார்.

ரோபோ என்ற சொல்லே அப்படி வந்ததுதான். செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் எழுதிய 'ஆர்.யு.ஆர்.' நாடகம்தான் அந்தச் சொல்லை உலகத்துக்குக் கொடுத்தது. அவருடைய அண்ணன் யோசெஃப் எடுத்துக் கொடுத்த சொல். செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் பண்ணையாருக்குக் கூலியில்லாமல் செய்யவேண்டிய கட்டாய உழைப்பு. நம் சோழர் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி'யும் அதுதான். இன்றைக்கு வெட்டி என்றால் வேலையில்லாமல் திரிகிறவன். சொற்களுக்கும் நகைச்சுவை உண்டு. சுஜாதாவின் ஜீனோவை நாயாகப் பார்த்து நேசித்த நமக்கு இயந்திரம் என்றால் செல்லப்பிராணி. அது பிறந்த இடத்தில் அது ஒரு கூலியாள்.

அடுத்தது பேட்டில்ஸ்டார் கேலக்டிகா. அந்தத் தொலைக்காட்சித் தொடரில் சைலான்கள் என்பவை மனிதர்கள் தங்கள் வேலைக்காகச் செய்த இயந்திரங்கள். ஒருநாள் திருப்பி அடிக்கின்றன. அந்தச் சண்டையைத்தான் இரண்டு ரோலர் கோஸ்டராகக் கட்டியிருக்கிறார்கள். சிவப்புத் தடம் மனிதர்கள், உட்கார்ந்து போவது. நீலத் தடம் சைலான், கால் தொங்கிக்கொண்டு தலைகீழாகவும் புரட்டுவது. உயரம் 42.5 மீட்டர், பதினான்கு மாடி. 2013இல் மூடி, நாலு நாலு பேர் உட்கார்ந்த வரிசையை இரண்டிரண்டாகக் குறைத்து 2015இல்தான் மறுபடி திறந்தார்கள்.

உயர அளவுகோல் பக்கம் பையனை நிறுத்தினார்கள். 125 சென்டிமீட்டர் வேண்டும். அவன் 123. குதிகாலை லேசாகத் தூக்கினான். அங்கே நின்ற பெண் சிரித்துக்கொண்டே தோளில் கைவைத்து இறக்கினாள். ஊரில் கதவு நிலையில் கோடு போட்டுக்கொண்டு வந்த பையன். அழவில்லை, ஆனால் உதடு போன விதம் எனக்குத் தெரியும். "தாத்தா, நீ போய்ட்டு வந்து எப்டி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லு" என்றான். அப்பா என்னைப் பார்த்தார். அம்மா, "அறுவது வயசாகப் போவுது, அதெல்லாம் வேணாம்" என்றாள். அறுபதை எடுத்ததும் அவர் பையையும் செருப்பையும் கழற்றி வைக்கத் தயாராகிவிட்டார்.

நாங்கள் வரிசையில் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் வானம் இருண்டது. சிங்கப்பூரில் இடி கேட்டால் வெளியே ஓடும் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். இரண்டு தடமும் நின்றன. கூரைக்குக் கீழே கைப்பிடிக் குழாயில் சாய்ந்து நின்றோம். மழை கொட்டியது. அந்த நாற்பது நிமிஷத்தில்தான் அப்பா பேசினார். வீட்டில் இருபத்தைந்து வருஷமாகப் பேசியதைவிடச் சற்று அதிகமாக.

2009இல் இந்தக் கம்பிகள் மேலே ஏறுவதை அக்கரையிலிருந்து தினமும் பார்த்தாராம். என்னவென்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருத்தர் பாலம் என்றார். ஒருத்தர் தண்ணிக் குழாய் என்றார். சாப்பாட்டு நேரத்தில் பந்தயம் கட்டினார்கள். ஒரு வெள்ளி. "பாலம்னா இப்டிச் சுருண்டுக்கிட்டுப் போவுமா, பைத்தியக்காரப் பயலே"ன்னு இவர் சண்டை போட்டிருக்கிறார். பாலம் என்று கட்டியவர் பேராவூரணிப் பக்கத்துக்காரர். இது என்னவென்று தெரிவதற்கு முன்னாலேயே இறந்துவிட்டார்.

"எப்டி?"

"விழுந்துட்டாரு."

மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சாரத்தில் ஏறுகிறவனுக்கு பெல்ட்டில் இரண்டு கொக்கி. ஒன்றை மாட்டிய பிறகுதான் இன்னொன்றைக் கழற்ற வேண்டும். எந்த நேரமும் ஒரு கொக்கியாவது கம்பியில் இருக்க வேண்டும். முதல் நாள் வகுப்பிலேயே சொல்லித் தருவது. ஆனால் மாட்டி மாட்டி நகர்ந்தால் வேலை ஓடாது. சூப்பர்வைசர் கீழே நின்று சீக்கிரம் சீக்கிரம் என்பான். அவனுக்கு மேலே இருப்பவன் அவனைக் கேட்பான். மழை பெய்து விட்ட நேரம். இரண்டு கொக்கியும் கழன்றிருந்தது. "ஒரே ஒரு அடிதான் எடுத்து வச்சாரு. நான் பக்கத்துப் பலகையில நிக்கிறேன்."

அவருடைய சாமான்களைப் பெட்டியில் கட்டி அனுப்பியது அப்பாதானாம். ஒரு டார்ச்லைட், பிள்ளைக்கு வாங்கி வைத்திருந்த வாட்ச், பாதி எழுதிய ஓவர்டைம் நோட்டு. அந்த நோட்டை ஊருக்கு அனுப்புவதா, கம்பெனியில் கொடுப்பதா என்று இரண்டு நாள் யோசித்திருக்கிறார். இரண்டுமில்லாமல் தேக்காவில் ஒரு கடையில் நகல் எடுத்து, நகலைக் கம்பெனியிலும் அசலைப் பெட்டியிலும் வைத்திருக்கிறார். நான் அப்போது ஒன்பதாம் வகுப்போ பத்தாம் வகுப்போ. வாரம் ஒருமுறை அப்பா போன் பண்ணுவார். "நல்லாருக்கேன், நீ படி" என்பார். அந்த வாரமும் அதையேதான் சொல்லியிருப்பார்.

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வரிசையில் முன்னால் நின்ற கல்லூரிப் பையன்கள் செல்ஃபி எடுக்க எங்களைக் கொஞ்சம் நகரச் சொன்னார்கள். நகர்ந்தோம்.

மழை விட்டு, சோதனை ஓட்டமாகக் காலி வண்டியை இரண்டு முறை விட்டுப் பார்த்த பிறகு ஆளேற்றினார்கள். காலி வண்டி போவதை அப்பா தலையாட்டிக்கொண்டே பார்த்தார். அது அவருக்குப் பிடித்திருந்தது. சிவப்புத் தடத்தில் எங்கள் முறை. தடுப்புக் கம்பி இறங்கியதும் அதைப் பிடித்து உலுக்கினார். ஒரு தடவை. இரண்டு தடவை. பிறகு குனிந்து என்னுடையதைப் பிடித்து உலுக்கினார். வேலையாள் வந்து அதையே செய்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினான். அப்பாவும் உயர்த்தினார். வண்டி கிளம்புவதற்குள் என்னுடையதை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டார்.

சவாரியைப் பற்றி எழுத அதிகம் இல்லை. எனக்குப் பாதி நினைவே இல்லை. வயிறு எங்கேயோ தங்கிவிட்டது, நான் வேறு எங்கேயோ போனேன். எல்லாரும் கத்தினார்கள், நானும் கத்தினேன். அப்பாவிடமிருந்து சத்தமே வரவில்லை. ஒரு கணம் பயந்து திரும்பிப் பார்த்தேன். கண்ணை அகலத் திறந்து, கழுத்தைத் திருப்பி, தூரத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

கீழே பையன் துள்ளிக்கொண்டு நின்றான். "சொல்லு தாத்தா, சொல்லு!" அப்பா அவன் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தார். "வயித்துல ஒரு ரயிலு போற மாதிரி இருந்துச்சு. மொதல்ல மேல ஏத்துறான். அங்க போனா கப்பலு, கிரேனு, கடலு எல்லாம் தெரியுது. தாத்தா வேல பாத்த எடங்கூடத் தெரிஞ்சுது."

"நெசமாவா?"

"ரெண்டு செகண்டு தெரிஞ்சுது."

"தலைகீழாப் போனியா?"

"அது நீலக்கலரு. அதுக்கு நீயும் நானும் போவோம். ரெண்டு சென்டிமீட்டருதானே."

உள்ளே சாப்பாடு கொண்டுபோக விடமாட்டார்கள் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். அம்மா கேட்கவில்லை, புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்து லாக்கரில் வைத்திருந்தாள். சாயங்காலம் வெளியே வந்து, தீவையும் நகரத்தையும் இணைக்கும் நடைபாலத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தோம். எதிரே பிரானி துறைமுகத்தின் கிரேன்கள் விளக்குப் போட ஆரம்பித்திருந்தன. பக்கத்துச் சாலையில் ஒரு லாரி போனது. பின்னால் பதினைந்து இருபது பேர், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு. ஒருத்தர் தூங்கி அடுத்தவர் தோளில் சாய்ந்திருந்தார்.

அப்பா கையில் சோற்றோடு எழுந்து நின்று அது திரும்பும் வரை பார்த்தார். பிறகு உட்கார்ந்து அம்மாவிடம், "இன்னுங் கொஞ்சம் வையி" என்றார்.