எந்திரிச்சு நின்ன கணக்கு

எங்க அக்கா பரவை மார்க்கெட்டுல வெங்காயம் தரம் பிரிக்கிற வேலைக்குப் போகுது. மகன் ஆறாம் வகுப்பு. போன மாசம் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டுவிட்டிருக்காக. கணக்குல பத்து மார்க். "வீட்டுல படிச்ச பரம்பரை இல்லேல்ல, அதெல்லாம் ரத்தத்துல வரணும்மா" என்றாராம் டீச்சர். திட்டவில்லை. ஆறுதலாகத்தான் சொல்லியிருக்கிறார். அக்கா தலையாட்டிவிட்டு வந்துவிட்டது. ராத்திரி சோறு போடும்போது என்னைக் கேட்டது: "நெசந்தானாடி?"

எம்.ஏ. தமிழ் படித்தவளுக்கு மரபணு பற்றி என்ன தெரியும்? ஆனால் இந்த 'ரத்தம்' புதுச் சரக்கு அல்ல. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில் என்றது. குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார். 1954இல் காமராசர் வந்ததும் அது ஒழிந்தது. திட்டம் போனது, ரத்தம் போகவில்லை.

தேடிப் படித்தேன். அமெரிக்காவில் எரிக் டர்க்ஹைமர் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 2003இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஏழு வயது இரட்டைப் பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பெண்கள். வசதியான குடும்பங்களில் பிள்ளைக்குப் பிள்ளை இருக்கிற வித்தியாசத்தில் பெரும்பங்கு மரபணுவுக்கு. வறிய குடும்பங்களிலோ மரபணுவின் பங்கு ஏறத்தாழ பூஜ்யம். 60 சதவீதம் குடும்பச் சூழல். தண்ணி பாயாத வயக்காட்டுல எது நல்ல விதைன்னு யாரு கண்டா? (பிற்பாடு ஐரோப்பாவில் செய்த ஆய்வுகளில் இதே முடிவு கிடைக்கவில்லை. ஆகவே இதையும் வேதமாக்க வேண்டாம்.)

என்னை உலுக்கியது இன்னொன்று. உத்தரப் பிரதேசக் கிராமப்புறத்தில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் நடத்திய சோதனை. 2004இல் உலக வங்கி வெளியிட்டது. ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்கள். ஆதிக்க சாதியில் 321 பேர், தாழ்த்தப்பட்டவர்களில் 321 பேர். ஆறு ஆறு பேராக உட்காரவைத்து, தாளில் வரைந்த சுற்றுப்பாதைப் புதிர்களுக்கு வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். புதிரைத் தீர்த்தால் காசு. சாதியைப் பேசாதவரை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. வேறு குழுக்களில், பையனின் பேர், அப்பன் பேர், தாத்தா பேர், ஊர், சாதி எல்லாவற்றையும் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் புதிரைக் கொடுத்தார்கள். நம்ம பிள்ளைகளின் கை தளர்ந்துவிட்டது. ரத்தம் அதே ரத்தந்தான். நடுவில் ஒரு வாய் சாதியைச் சொன்னது, அவ்வளவுதான்.

எனக்கு ஏழாம் வகுப்பு ஞாபகம் வந்தது. "எஸ்.சி. புள்ளைங்கள்லாம் எந்திரிங்க, ஸ்காலர்ஷிப் பாரம்." ஒன்பது பேர் எழுந்து நின்றோம். பக்கத்துச் சிநேகிதி நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும். அடுத்த பீரியடு கணக்குப் பரீட்சை. முந்தின ராத்திரி அத்தனையும் போட்டுப் பார்த்தவள் நான். பேனா ஓடவில்லை. நமக்கு மண்டையில ஒண்ணுமில்லன்னு அன்னைக்கு நானே முடிவு கட்டிட்டேன். அதோடு கணக்கை விட்டேன். தமிழ்ப்பற்றால் தமிழ் படித்தேன் என்று மேடைகளில் சொல்லியிருக்கிறேன். பொய்.

பையனைக் கேட்டேன். "உன்னையும் எந்திரிக்கச் சொல்வாய்ங்களாடா?"

ரொம்ப நேரம் பேசவில்லை. "சாதிச் சான்றிதழ் வாங்கும்போது சொன்னாக, சித்தி. இன்னும் குடுக்காதவங்க யாருன்னு ஒவ்வொருத்தரா, சாதியச் சொல்லிக் கேட்டாக."

அக்கா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டது. "திங்கக்கெழம கூலிய விட்டுட்டு வாரேன்டி. நீயும் கூட வா" என்றது.