மூக்கின் வேலை

மூக்குக்குள் வளர்ந்திருந்த சதையை எடுத்த பிறகும் எனக்கு வாசனை திரும்பவில்லை. வீட்டில் கேட்டது ஒன்றுதான்: "கேஸ் கசிந்தால் எப்படித் தெரியும்?" பால் தீய்வது, சாம்பார் ஊசுவது எல்லாம் இத்தனை வருஷமாக என் மூக்கின் பொறுப்பு. மகளின் உச்சந்தலை வாசனை போனதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மணம் அறியும் திசு மூக்கின் உச்சியில் சிறு திட்டாக இருக்கிறது. சைனஸ் வீங்கினால் காற்று அங்கே எட்டாது. அந்தத் திசுவின் மண ஏற்பிகளுக்கான மரபணுக்களை லிண்டா பக் என்ற பெண்ணும் ரிச்சர்ட் ஆக்செலும் 1991இல் கண்டறிந்தார்கள். 2004இல் நோபல் பரிசு.

டாக்டர் சொன்ன பயிற்சி, ஜெர்மனியில் தாமஸ் ஹும்மல் குழு 2009இல் வெளியிட்டது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு. காலையும் இரவும், 12 வாரம் முகர வேண்டும். கிராம்பு என் அஞ்சறைப்பெட்டியிலேயே இருந்தது. சமையலுக்கு அல்லாமல் எனக்காக அதை அன்றுதான் திறந்தேன். யூகலிப்டஸின் குளிர்ச்சி மட்டும் தெரிந்தது; அது வேறொரு நரம்பின் உபயம், மணம் இல்லை.

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் செவுளைத் திறந்து, விரலால் அழுத்திப் பார்த்துத்தான் மீன் வாங்குகிறேன். மீன்காரம்மா "மோந்து பாரும்மா" என்று நீட்டினால் சிரித்துவைப்பேன்.

ஒன்பதாவது வாரம் எலுமிச்சை ஒரு நொடி வந்துபோனது. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி பாலை முகரச் சொல்வார்கள்.