பதினெட்டுப் பலகைகளும் ஐந்து வக்துகளும்

சதுரங்கம் என்றதும் ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு கதிரைகள், பக்கத்தில் ஒரு கடிகாரம் என்ற காட்சியே நம் மனதில் எழுகிறது. இணையத்தில் நான் ஆடும் ஆட்டத்தில் இவை எதுவும் இல்லை. ஒரு நகர்வுக்கு மூன்று நாள் அவகாசம். காயை நகர்த்திவிட்டு என் வேலையைப் பார்க்கப் போகலாம். எதிராளி தன் ஊரில் நித்திரை விட்டெழுந்து, தொழிலுக்குப் போய்வந்து, ஆறுதலாகப் பதில் நகர்வைச் செய்வார். இப்படி ஒரே காலத்தில் பதினெட்டுப் பேருடன் ஆடுகிறேன் என்றால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். "மூன்று நாள் தருகிறார்களே, பிறகு நேரத்துக்கு என்ன பஞ்சம்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

இந்த ஆட்டமுறை புதியதல்ல. தபாலட்டையில் நகர்வை எழுதியனுப்பி ஆடியவர்கள் முன்பே இருந்தார்கள். அவர்களுக்கான சர்வதேச சம்மேளனம் 1951 இல் தோன்றியது. பத்து நகர்வுகளுக்கு முப்பது நாள் என்பது தபால் ஆட்டங்களில் வழக்கமாக இருந்த கணக்கு. அட்டை வழியில் பயணிக்கும் நாட்கள் அதில் சேரா. கடல் கடந்து போன அட்டைக்குப் பதில் வரும்வரை ஆட்டக்காரனுக்கு ஓய்வு கிடைத்தது. இணையம் பறித்தது அந்த ஓய்வைத்தான். இன்று காயை நகர்த்திக் கையை எடுக்குமுன்னே பதில் வந்துவிடுகிறது. நாம் எவ்வளவு விரைவாக ஆடுகிறோமோ அவ்வளவு விரைவாக வேலையும் திரும்பி வருகிறது.

பலருடன் ஒரே நேரத்தில் ஆடுவதென்றால் 2011 பெப்ரவரியில் தெஹ்ரானில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஈரானிய கிராண்ட்மாஸ்டர் எஹ்ஸான் காயிம் மகாமி 604 பேருடன் இருபத்தைந்து மணித்தியாலங்களுக்கு மேலாக ஆடினார். 580 வெற்றி, 16 சமநிலை, 8 தோல்வி. அங்கே நேரத்தை வகுத்துக் கொடுத்தது அவரது நடைதான். அவர் ஒரு பலகையின் முன் நிற்கும்போது மற்ற 603 பலகைகளும் மௌனமாகக் காத்திருந்தன. நமது நிலைமை தலைகீழானது. பலகைகள் நம்மைத் தேடி நடந்து வருகின்றன. கைத்தொலைபேசி சட்டைப்பையில் கிடந்து துடிக்கிறது.

கணக்குப் பார்ப்போம். பதினெட்டு ஆட்டங்கள், நகர்வுக்கு மூன்று நாள் என்றால் நாளொன்றுக்கு ஆறு நகர்வுகள் போதும். நகர்வுக்கு ஐந்து நிமிடம் வைத்தாலும் அரை மணித்தியாலம்தான். ஆனால் எல்லா நகர்வுகளும் ஒரே பாரம் உடையவையல்ல. தொடக்க நகர்வுகள் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நடு ஆட்டத்திலோ ஒரே நகர்வு அரை மணித்தியாலத்தையும் விழுங்கும். பதினெட்டையும் ஒரே நாளில் தொடங்கினால், ஏறக்குறைய ஒரே காலத்தில் எல்லாம் நடு ஆட்டத்துக்கு வந்து நிற்கும். ஆகவே கிழமைக்கு இரண்டு, மூன்று ஆட்டங்களாகத்தான் தொடங்குவேன். சுற்றுப்போட்டிகளில் சேருமுன் நன்றாக யோசிப்பேன். பத்துப் பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவருடனும் இரண்டு ஆட்டம் என்றால், ஒரே நாளில் பதினெட்டு ஆட்டங்கள் தலையில் விழும்.

வேறு சில ஒழுங்குகளும் உண்டு. வெட்டப்பட்ட காய்க்குப் பதிலாகத் திருப்பி வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லாத நகர்வுகளை முதலில் முடித்துவிடுவேன். 'எதிராளி இப்படி ஆடினால் நான் இப்படி' என்று முன்கூட்டியே பதிந்துவைக்கும் வசதியும் இருக்கிறது. யோசிக்க வேண்டிய பலகைகளைக் காலைக்கு ஒதுக்குவேன். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு வரிக் குறிப்பு எழுதிவைப்பேன்: 'குதிரையை நடுவுக்குக் கொண்டுவா', 'ராணிகளை மாற்றாதே' என்பதுபோல. இரண்டு நாள் கழித்து அந்தப் பலகைக்குத் திரும்பும்போது, முன்பு என்ன நினைத்தோம் என்று தேடுவதிலேயே கால் மணித்தியாலம் போகாது. ஸுபஹுக்குப் பின் அரை மணி, இஷாவுக்குப் பின் அரை மணி. அதற்கு வெளியே பலகையைத் திறப்பதில்லை.

இந்த வரம்பு வெறும் வசதிக்கானதல்ல. சதுரங்கம் பற்றி நமது அறிஞர்கள் நீண்ட காலமாக விவாதித்திருக்கிறார்கள். ஏனைய மத்ஹப்களின் அறிஞர்கள் பலர் அதைத் தடுக்கப்பட்டது என்கிறார்கள். நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் அது மக்ரூஹ். ஆனால் பந்தயம் சேர்ந்தாலோ, அதன் காரணமாகத் தொழுகையின் நேரம் தவறினாலோ ஹராமாகிவிடும். ஹிஜ்ரி முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த தாபிஈயான ஸஈத் இப்னு ஜுபைர் பலகைக்கு முதுகைக் காட்டியபடியே ஆடினார் என்ற அறிவிப்பை விரும்பி எடுத்துக் காட்டுபவர்கள், இந்த நிபந்தனையை அதே ஆர்வத்துடன் சொல்வதில்லை. எனக்கோ அந்த நிபந்தனைதான் முக்கியமாகப் படுகிறது. பிரச்சினை பலகையில் இல்லை, நேரத்தில் இருக்கிறது என்று அந்த அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள். மணித்தியாலக் கணக்கில் ஒரே மூச்சில் ஆடுபவனுக்கு ஒரு வக்து தவறலாம். நாள் முழுவதும் நிமிடம் நிமிடமாக ஆடுபவனுக்கு எது தவறுகிறது என்பதே தெரியாது. தக்பீர் கட்டிய பிறகும் ஏழாம் பலகையின் குதிரை மனதில் பாய்ந்துகொண்டிருந்தால், அந்த மூன்று நாள் அவகாசத்தால் என்ன பயன்?

மறுபக்கத்தில் இருப்பவரின் நேரம் இன்னொரு விடயம். பதினெட்டு ஆட்டங்கள் என்றால் பதினெட்டு மனிதர்கள் என் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் தன் பெயருக்குப் பக்கத்தில் சூடானின் கொடியை வைத்திருந்தார். நாள் தவறாமல், பெரும்பாலும் இரவில், ஒரு நகர்வு வரும். 2023 ஏப்ரலில் அங்கே போர் மூண்டது. நகர்வு நின்றது. மூன்றாம் நாள் முடிந்ததும் ஆட்டம் தானாகவே என் வெற்றியாகப் பதியப்பட்டது. அவருக்கு ஒரு சிப்பாய் அதிகம். ஆட்டம் அவர் பக்கம் சாய்ந்திருந்தது. மின்சாரம் போனதா, ஊரைவிட்டுப் போனாரா, உயிரோடு இருக்கிறாரா என்று அந்தக் கடிகாரத்துக்குக் கேட்கத் தெரியாது.

அதன் பிறகு நான் தொடங்கும் ஆட்டங்களுக்கு நகர்வுக்குப் பதினான்கு நாள் அவகாசம் வைக்கிறேன். ஆட்டங்கள் மாதக்கணக்கில் இழுபடுகின்றன. அதனால் யாருக்கும் நட்டமில்லை. அவருக்கும் ஒரு செய்தி அனுப்பி வைத்திருக்கிறேன். ஸலாமும், விட்ட இடத்திலிருந்து மீண்டும் ஆடுவோம் என்ற அழைப்பும், அவர் விட்டுச்சென்ற காய்களின் நிலையும் அதில் இருக்கின்றன.