சால்வை

அப்பா காலமாகிப் பத்து ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் வெள்ளைச் சால்வை ஒன்றைக் காணும்போதெல்லாம் 2013ஆம் ஆண்டின் ஓர் இரவு நினைவுக்கு வருகிறது. அவருடைய கைகளைக் கட்டிலோடு நான் கட்டியது அவருடைய சால்வையால்தான்.

யாழ்ப்பாணத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் ஆசிரியராக இருந்தவர். மறதிநோய் முற்றிய பின்னர் வெள்ளவத்தையில் உள்ள எமது தொடர்மாடி வீட்டுக்கு அழைத்து வந்தோம். பிள்ளைகளை ஒருபோதும் அடித்தறியாத அந்த மனிதர், உடுப்பு மாற்ற முற்பட்டால் அடித்தார், கடித்தார். அவரைப் பராமரிக்க வந்த பெண் மூன்றே வாரங்களில் நெற்றிக் காயத்துடன் விலகிச் சென்றார். அன்றிரவுதான் கட்டினேன்.

அவ்வேளையில் இலண்டனில் முதியோர் இல்லம் ஒன்றில் பணிபுரியும் என் மருமகள் விடுமுறையில் வந்திருந்தாள். மறுநாட் காலை, அப்பாவின் மணிக்கட்டில் இருந்த தடத்தைப் பார்த்தாள். கோபிக்கவில்லை.

"மாமா, அம்மப்பாவுக்கு இப்ப நீங்கள் ஆரெண்டு தெரியாது. தெரியாத ஒருத்தன் வந்து உங்கட உடுப்பைக் கழட்டினால் நீங்கள் சும்மா இருப்பீங்களோ?"

வேலையில் சேர்ந்தபோது அவளுக்குப் பயிற்சி அளித்திருந்தார்கள். அதன் பெரும்பகுதி பிடிப்பதைப் பற்றியதன்று. பார்ப்பதைப் பற்றியது என்றாள். விரல்கள் இறுகுகின்றனவா, குரல் உயர்கிறதா, நடை வேகமாகிறதா? அப்படியானால் ஓரடி பின்வாங்க வேண்டும். நேருக்கு நேராக அல்லாமல் சற்றுப் பக்கவாட்டாக நிற்க வேண்டும். கதவை மறிக்கக் கூடாது. ஒருவர் மட்டும், சிறு வசனங்களில், மெதுவாகப் பேச வேண்டும். அவசரம் இல்லையெனில் விட்டுவிட்டுக் கால் மணி நேரம் கழித்து வரவேண்டும். எங்கேனும் நோகிறதா, மலச்சிக்கலா, தொற்றா என்று தேட வேண்டும். உடலைப் பிடித்து அடக்குவது இறுதி வழி. அதுவும் மிகக் குறுகிய நேரத்துக்கே. முகங்குப்புற அழுத்திப் பிடித்தால் மூச்சு நின்றுவிடலாம்.

அவளுடைய இறுதி எச்சரிக்கையின் கனத்தைப் பின்னரே உணர்ந்தேன். ஒலசேனி லூவிஸ் என்ற 23 வயது இளைஞர் 2010இல் தாமாகவே உதவி நாடி, இலண்டனின் பெத்லெம் றோயல் வைத்தியசாலைக்குச் சென்றவர். அங்கே பதினொரு பொலிஸார் அவரை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தனர். சில நாட்களில் இறந்துபோனார். அவருடைய பெற்றோர் ஓயாது போராடினர். 2018இல் மனநலப் பிரிவுகளில் பலப்பிரயோகத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் நிறைவேறியது. ஊழியர்களுக்குப் பயிற்சி அளிப்பதை அது கட்டாயமாக்கியது. ஒரு பாடத்துக்கு ஓர் உயிர் விலையாயிற்று.

மருமகள் சொன்னதன்படி வைத்தியரை அழைத்தோம். அப்பாவுக்குச் சிறுநீர்த் தொற்று இருந்தது. சொல்லத் தெரியாத நோவுடன் எத்தனை நாட்கள் இருந்தாரோ! மருந்து எடுத்த பின்னர் மறதி அப்படியே இருந்தது. அடிப்பது பெரும்பாலும் நின்றது.

காயத்துடன் சென்ற அந்தப் பெண்ணையும் நான் மறக்கவில்லை. அனுப்பிய முகவர் அவருக்கு எதையும் கற்பித்திருக்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. சம்பளத்தை மட்டும் பேரம் பேசினேன். உங்கள் வீட்டுக்கு ஒருவரை அமர்த்தும்போது, சம்பளத்துக்கு முன்பாக இதைக் கேளுங்கள்: "அவர் அடிக்க வந்தால் என்ன செய்வீர்கள்?" விடை தெரியாவிட்டால் அது அவருடைய குற்றமன்று. ஆனால் அதைக் கற்பிக்காமல் நோயாளியின் அறைக்குள் அனுப்புவது நம்முடைய குற்றம்.