சின்னம்மா மறைத்த நோய்

ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலே கொழுந்து பறிக்கும் என் சின்னம்மா, மாத்தளை முத்துமாரியம்மனின் மாசிமகத் தேரைக் காணத் தவறியவரல்லர். சென்ற ஆண்டு அவர் வரவில்லை. காரணம் கேட்டபோது, "உடம்புக்குச் சுகமில்லை அம்மா" என்றதோடு நிறுத்திக்கொண்டார். லயத்திலே பிறர் அருகில் உட்காரவும் அவர் கூசினார் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

வெள்ளைபடுதல்தான். கூடவே மீன்வாடை போன்ற நாற்றம். பங்கசு நோய் என்று யாரோ சொல்ல, அதற்குரிய களிம்பை மருந்துக் கடையில் வாங்கிப் பூசியிருக்கிறார். நாற்றம் நீங்காமையால் சவர்க்காரமும் கிருமிநாசினியும் இட்டு உள்ளே கழுவியிருக்கிறார். "என் அழுக்கு என்றல்லவா நினைத்தேன்!" என்று அவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒருநாட் பேரை இழந்து வைத்தியசாலைக்கு வர அவரை இணங்கச் செய்வதே பெரும்பாடாயிற்று. பரிசோதனையோ சில நிமிட வேலை. பெண் வைத்தியர் பஞ்சுக் குச்சியால் சிறிது திரவத்தை எடுத்து, நிறம் மாறும் தாளொன்றில் தடவினார். பருவ வயதுப் பெண்ணின் யோனியில் வாழும் நல்ல பற்றீரியாக்கள் லக்டிக் அமிலத்தை உண்டாக்கி, பி.எச். அளவை 4.5க்கு மேற்போகாமல் காக்கின்றன. தாள் அதற்கு மேல் காட்டியது. நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது பங்கசு இல்லை. நல்லவை குறைந்து வேறு பற்றீரியாக்கள் பெருகியிருந்தன. உள்ளே கழுவியதும் அதற்கு உதவியிருக்கும் என்றார் வைத்தியர். மெட்ரோனிடசோல் குளிசை, ஏழு நாட்களுக்கு.

பங்கசாயின் தயிர்த்திரள் போன்ற வெள்ளையும் பொறுக்கவொண்ணா அரிப்பும் இருக்கும். நாற்றம் பெரும்பாலும் இராது. அதற்கு மருந்து குளோட்ரிமசோல். நீரிழிவுள்ளோருக்கு இது அடிக்கடி வரும். மூன்றாவது, 1836இல் பாரிஸ் நகரில் டொன்னே என்னும் வைத்தியர் கண்டறிந்த டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி. மஞ்சளும் பச்சையுமாக நுரைத்து வரலாம். உடலுறவால் தொற்றுவதாகையால் கணவருக்கும் மருந்து கொடுக்கவேண்டும். இல்லையேல் நோய் திரும்பிவிடும். இவ்விடத்தில் ஆண்மக்கள் முகஞ்சுளிப்பர், சுளிக்கட்டும். மூன்றின் குறிகளும் ஒன்றோடொன்று மயங்குவதால், பார்த்த மாத்திரத்தில் பெயரிட வைத்தியர்களே தயங்குகிறார்கள். கர்ப்பிணிகள் தாமாக எம்மருந்தையும் தொடலாகாது.

எட்டாம் நாள் சின்னம்மா தொலைபேசியில் அழைத்தார். நாற்றம் போய்விட்டதாம். அடுத்த லயத்துப் பிள்ளை ஒருத்தியையும் அந்த வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும் என்றார். யாரென்று கேட்டேன், சொல்லவில்லை.